உளி தொடாத கூட்ஸ் பெட்டி

பெரம்பூரிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர் வீட்டு ஷோகேஸில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு பித்தளை கூட்ஸ் பெட்டியைப் பார்த்தாராம். ஏணிப்படி, கைப்பிடிக் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், வரிசை வரிசையாக ரிவெட் தலைகள் என்று ஒன்று விடாமல் இருந்ததாம். "எந்த ஊர் ஆசாரி இவ்வளவு பொடியாக உளி பிடிப்பார்? இல்லை, லேசரா?" என்பது அவர் கேள்வி. ஐ.சி.எஃப். 1955 முதல் ரயில் பெட்டி செய்துகொண்டிருக்கும் ஊர்க்காரர் கேட்கிறார். சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

உளியும் இல்லை, லேசரும் இல்லை. அந்தப் பெட்டியை வெட்டியது பழுப்பு நிறத் திரவம் ஒன்று. ரிட்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் 'எஃப்.இ.சி.எல்.' என்று கேட்டால் பொட்டலமாகவே கொடுப்பார்கள். ஃபெரிக் குளோரைடு. சர்க்யூட் போர்டில் வேண்டாத செம்பைக் கரைக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வாங்கிப் போவது இதைத்தான். பொட்டலத்தை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் இரண்டு நாள் திறந்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சித் தானாகவே கூழாகிவிடும்.

இங்கே பத்தாம் வகுப்புப் புத்தகம் ஒரு சிக்கலைக் கொண்டுவரும். காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணி மேல் செம்பு படியும் என்று படித்திருக்கிறோம். அதாவது இரும்பு கரையும், செம்பு வெளியே வரும். அப்படியிருக்க, இரும்பு உப்பு எப்படிச் செம்பைக் கரைக்கும்? கதை தலைகீழாக அல்லவா இருக்கிறது?

விடை, இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதில் உள்ளது. ஆணியில் இருப்பது எலெக்ட்ரானைக் கொடுக்கத் தயாரான இரும்பு உலோகம். ஃபெரிக் குளோரைடில் இருப்பது ஏற்கெனவே மூன்று எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்த இரும்பு அயனி. ஒன்றையாவது திரும்பப் பிடிக்க அது அலைகிறது. செம்பு அணுவைத் தொட்டால் அதனிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். இப்படி இரண்டு ஃபெரிக் அயனிகள் ஆளுக்கொரு எலெக்ட்ரானைப் பிடுங்கினால் ஒரு செம்பு அணு உலோகத்தை விட்டுக் கரைசலுக்குள் போய்விடும். பித்தளையில் செம்போடு இருக்கும் துத்தநாகம் இதைவிட எளிதாக விட்டுக்கொடுக்கும். வேலை நடக்க நடக்கப் பழுப்பு மங்கிப் பச்சை தட்டுவது, கரைசல் களைத்துப்போனதற்கு அடையாளம்.

திரவம் தகடு முழுவதையும் தின்றுவிடாமல், நாம் வரைந்த கோட்டில் மட்டும் தின்ன வைப்பதற்குத்தான் வெளிச்சம். ஒளி பட்டால் இறுகும் பூச்சைத் தகட்டின் மேல் ஒட்டி, அதன் மேல் படம் அச்சிட்ட ஃபிலிமை வைத்து, புற ஊதாக் கதிர் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். படாத இடம் நீர்த்த சலவைச் சோடாவில் கழுவினால் போய்விடும். சென்னையில் புற ஊதா விளக்கு எதற்கு? மொட்டை மாடியில் பன்னிரண்டு மணி வெயில் இருக்கிறது. கண்ணாடிக்கு அடியில் தகட்டை வைத்துக் கடிகாரம் பார்த்தால் போதும்.

தந்திரம் பழையது. பிரான்சில் நியெப்ஸ் 1820களில் ஒளி பட்டால் இறுகும் ஒருவகைத் தாரைத் தகட்டில் பூசி, அமிலத்தால் அரித்து, படத்தை அச்சுத்தகடாக்கப் பாடுபட்டார். அந்த முயற்சியிலிருந்துதான் புகைப்படம் பிறந்தது. நம் ஊர் அச்சகங்களில் எழுத்துக் கோத்த காலத்தில் படத்துக்குத் தனியாக 'பிளாக்' செய்வார்களே, துத்தநாகத் தகட்டை நைட்ரிக் அமிலம் அரித்த அந்த பிளாக்கும் இதே வம்சம். கல்யாணப் பத்திரிகையின் பிள்ளையாரும் இந்தக் கூட்ஸ் பெட்டியும் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது சர்க்யூட் போர்டு செய்த எவருக்கும் தெரியும். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

பெட்டிக்கான தகடு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் தடிமன். அதில் சில கோடுகள் முழுதாக அறுந்து ஓட்டையாக வேண்டும். சில கோடுகள் பாதி ஆழத்தோடு நிற்க வேண்டும். கதவுப் பலகைகளின் இடுக்கு, மடிப்புக் கோடு, ரிவெட்டின் பின்பக்கக் குழி எல்லாம் பாதி ஆழம். திரவத்துக்கு ஆழம் பார்க்கத் தெரியாது. சிலர் நினைப்பதுபோல ஒரு பகுதியை முதலில் எடுத்து மறு பகுதியை ஊற விடுவதும் கிடையாது. தகடு முழுவதும் ஒரே தொட்டியில், ஒரே நேரம்தான் கிடக்கிறது.

வித்தை இதுதான்: தகட்டின் இரு முகத்துக்கும் வேறு வேறு படம். இரண்டு ஃபிலிமையும் உறைபோல ஒட்டி, நடுவில் தகட்டைச் செருகுவார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே இடத்தில் திறந்திருந்தால், திரவம் இரு பக்கமிருந்தும் தின்றுகொண்டு வந்து நடுவில் கைகுலுக்கும். அங்கே ஓட்டை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால், அதே நேரத்தில் அது பாதி வழிதான் வந்திருக்கும். அங்கே பள்ளம். இரண்டு பக்கமும் மூடியிருந்தால் தகடு தகடாகவே இருக்கும். இரண்டு கருப்பு வெள்ளைப் படம், மூன்று ஆழம். தொட்டியில் அளவுகோல் கிடையாது, கத்தியும் கிடையாது. முதன்முறை இதைப் புரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

மடிப்புக் கோட்டுக்கு வருவோம். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் படிக்கு ஏற்ப மாறும். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று. ஆகவே பள்ளம் ஓடும் இடத்தில் மடிக்கச் சுற்றியுள்ள இடத்தைவிட மிகக் குறைந்த முயற்சி போதும். விரலால் அழுத்தினால் வேறெங்கும் வளையாது, அங்கேயே மடியும். தீப்பெட்டி அட்டையில் கோடு அழுத்தியிருப்பார்களே, அதே யோசனை. அட்டையில் இல்லாத ஒரு நயம் மட்டும் பித்தளையில் கூடுதலாக உண்டு. பள்ளம் மடிப்பின் உட்பக்கம் இருக்க வேண்டும். மடிக்க மடிக்கப் பள்ளத்தின் இரு கரைகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். கரைகளின் மேல்விளிம்புகள் எப்போது முட்டும்? பள்ளத்தின் அகலம் அதன் ஆழத்தைப் போல இரு மடங்காக இருந்தால், சரியாகத் தொண்ணூறு டிகிரியில். ஒரு தாளில் வரைந்து பார்த்துவிடுங்கள், எட்டாம் வகுப்பு வடிவியல் போதும். ஆழம் பாதித் தடிமன் என்பதால் கணக்கு இன்னும் அழகாகிறது: தகடு எவ்வளவு தடிமனோ, பள்ளம் அவ்வளவு அகலம். 0.3 தகட்டுக்கு 0.3 பள்ளம். முட்டியதும் அதற்குமேல் மடியாது. மூலைமட்டம் வைத்துப் பார்க்காமலேயே செங்கோணம் கைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கோணம் திரவத்துக்குள் போவதற்கு முன்பே படத்தில் எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் படத்தில் 0.3 என்று வரைந்தால் காரியம் கெட்டது. மெரினாவில் அலை வந்து திரும்பும் இடத்தில் நின்றிருப்பீர்கள். காலைச் சுற்றிய மணல் மட்டுமா போகிறது? குதிகாலுக்கு அடியிலும் அரித்துக்கொண்டு போகும். நாம் மெல்லப் பின்னால் சாய்வோம். திரவமும் அப்படித்தான். கீழே தின்னும்போதே பக்கவாட்டிலும், பூச்சுக்கு அடியில் நுழைந்து தின்னும். எனவே கோட்டை ஒல்லியாக வரைய வேண்டும், மிஞ்சியதை அது தானே அகலப்படுத்திக்கொள்ளும். எவ்வளவு ஒல்லி என்பதற்குச் சூத்திரத்தைவிட அனுபவம்தான் உதவும். கரைசலின் சூடு, ஓட்டம், வயது எல்லாவற்றையும் பொறுத்தது. தகட்டின் தடிமனைவிடச் சிறிய ஓட்டை போடுவது இதனால்தான் கடினம். அறுந்த ஓரத்தின் நடுவில் மெல்லிய ஒரு முகடு நிற்பதும் இதனால்தான்: மேலிருந்து ஒரு கிண்ணம், கீழிருந்து ஒரு கிண்ணம், சந்திக்கும் இடம் கூர்முனை. அதைச் சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும்.

ரிவெட்டைப் பற்றி ஒரு வரி. பின்பக்கம் புள்ளியாக ஒரு குழி அரிக்கப்பட்டிருக்கும். மழுங்கிய ஊசியை அதில் வைத்துத் தட்டினால் முன்பக்கம் ஒரு மொட்டு எழும். இருநூறு ரிவெட் என்றால் இருநூறு தட்டு. கிரிக்கெட் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

தொழிற்சாலையில் சூடான கரைசலை இரு பக்கமும் பீய்ச்சியடிப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். என்னிடம் இருந்தது பிளாஸ்டிக் டிரேயும், கொளத்தூரில் மீன் தொட்டிக்கு விற்கும் ஏர் பம்ப்பும். குமிழி எதற்கென்றால், தகட்டை ஒட்டி நிற்கும் களைத்த திரவத்தை விரட்டிப் புதிதை வரவைக்க. முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதல் தகட்டில் இரண்டு ஃபிலிமும் ஒரு நூலிழை விலகிவிட்டதால் ஏணிப்படிகள் கரைந்து உதிர்ந்தன. இரண்டாவது தகட்டைச் சித்தி வந்து பார்த்து "அட, என்ன அழகு!" என்றார். மறுநாள் அரித்தபோது கதவின் நடுவில் அம்மைத் தழும்பு மாதிரி சொரசொரப்பு. அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: தழும்பு சுழிசுழியாக இருந்தது. என் கட்டைவிரல் ரேகை! விரல் எண்ணெய்ப் பசை இருந்த இடத்தில் பூச்சு ஒட்டவில்லை, திரவம் உள்ளே நுழைந்துவிட்டது. கண் பட்டதால் போனதில்லை, கை பட்டதால் போனது. எலுமிச்சம்பழம் சாதத்துக்கு உதவியது.

ஒரு எச்சரிக்கை. பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். புது ஃபெரிக் குளோரைடைத் தண்ணீர் சுத்திகரிப்பிலேயே பயன்படுத்துகிறார்கள். தொல்லை அதில் கரைந்துள்ள செம்பு. மீனுக்கும் பாசிக்கும் அது விஷம். சலவைச் சோடா போட்டால் செம்பு சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றைத் தனியாக எடுத்து, அபாயக் கழிவு வாங்குபவர்களிடம் தர வேண்டும். கூவத்துக்கு நாம் செய்தது போதும்.

அரித்து முடித்த தகடு, பரீட்சை அட்டை மாதிரி ஒரு சட்டத்துக்குள் எல்லா உறுப்புகளும் நுண்ணிய காம்புகளில் தொங்க நம் கைக்கு வரும். காம்பை வெட்டி, மடித்து, ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். இதற்கு நம் தெருக்களிலேயே குரு இருந்தார். "பித்தளைக்கு ஈயம் பூசலையோ" என்று கூவி வருவாரே, அவர் சூடேறிய பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவியதும் குப்பென்று வெள்ளைப் புகை வரும், ஈயம் பளபளவென்று பரவும். நவச்சாரம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைத் துடைத்தெடுக்கிறது. சுத்தமான உலோகத்தைக் கண்டால்தான் உருகிய ஈயம் ஒட்டும். நாம் நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் தடவுவதும் அதற்கே. இரண்டு தகடுகளுக்கு நடுவே முடியளவு இடைவெளி இருந்தால் போதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈயம் தானாக உள்ளே ஓடும். வெளியே அப்ப வேண்டியதே இல்லை.

அடுத்த உறுப்பை ஒட்டும்போது முதலில் ஒட்டியது கழன்று விழாமலிருக்க, வேறு வேறு சூட்டில் உருகும் பற்றுகளை இறங்குவரிசையில் பயன்படுத்துவார்கள். வெள்ளீயமும் வெள்ளியும் கலந்தது 221 டிகிரி, வெள்ளீயமும் காரீயமும் கலந்தது 183 டிகிரி, பிஸ்மத் கலந்த சில கலவைகள் கொதிநீருக்கும் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். ஜெர்மன் சில்வர் தகடு கிடைத்தால் இன்னும் சுலபம். அது பித்தளையைவிட மிகக் குறைவாகவே சூட்டைக் கடத்தும், ஆகவே பக்கத்து மூட்டு பிழைத்துக்கொள்ளும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். வெள்ளி துளியும் கிடையாது. கடைசியில் பழைய பல்தேய்க்கும் பிரஷ் கொண்டு அமிலத்தைக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரே மாதத்தில் பச்சைக் களிம்பு பூத்துவிடும்.

பொம்மைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: பழைய கலர் டிவியின் படக்குழாய்க்குள் லட்சக்கணக்கான துளைகளோடு இருந்த தகடும், ஐ.சி. சில்லுகள் பலவற்றின் கால்களும் இதே முறையில் அரிக்கப்பட்டவை. கைபேசிகளின் ஓ.எல்.இ.டி. திரைக்கு நிறப்புள்ளி தூவப் பயன்படும் முகமூடித் தகட்டையும் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். அதை நேர்த்தியாகச் செய்யத் தெரிந்த நிறுவனங்களை உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி பூட்டுகிறோம், மகிழ்ச்சி. அந்தத் தகட்டை அரிக்கும் கலைக்கு, ரிப்பன் வெட்ட வசதியில்லாத இந்த மாதிரி சலிப்பூட்டும் ஆராய்ச்சிக்கு, நம் பொறியியல் கல்லூரி ஒன்றுக்குப் பத்து வருஷம் தொடர்ந்து பணம் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

என் பெட்டி எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி இழுக்கும் பாக்ஸ்-என் வகை. அசல் ஏறத்தாழ 10.7 மீட்டர், பொம்மை ரயில்காரர்களின் வழக்கப்படி 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 12.3 சென்டிமீட்டர். மூன்றாவது தகட்டில் எல்லாம் சரியாக வந்தது. சக்கரம் மாட்டும்போதுதான் விழித்தேன். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், சுருக்கினால் 19.3. கடையில் கிடைக்கும் தண்டவாளமும் சக்கரமும் 16.5, அவை 1435 மில்லிமீட்டர் பாதைக்காரர்களின் கணக்கு. கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் உதைக்கிறது. அச்சை நீளமாகக் கடைந்து, தண்டவாளத்தையும் நானே போட வேண்டும். அதுவரை பெட்டி இரண்டு தீப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரம்பூர்க்காரர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்; விரலால் மட்டும் தொட வேண்டாம்.