மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்களா? நகல் கைக்கு வராமல் எழுந்து வராதீர்கள்

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று ஓ.பி.யில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். அது ஆபரேஷனுக்கான சம்மதமா, ரத்தம் எடுப்பதற்கா, ஆராய்ச்சியில் சேர்ப்பதற்கா என்று விடியற்காலையில் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? நம் குமரி மாவட்டத்தில் நான் பேசிப் பார்த்தவர்களில் பலர், தாங்கள் ஓர் ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டதே தெரியாமல் வீட்டுக்கு வந்தவர்கள்தான். ஏதாவது கோளாறு ஆன பிறகுதான் விவரம் தெரிந்திருக்கிறது. அப்போது கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்துகள் அப்படித்தான் வருகின்றன, மருத்துவக் கல்லூரி என்றால் ஆராய்ச்சி நடக்கத்தான் வேண்டும். ஆனால் உடம்பைக் கொடுக்கிறவருக்குச் சட்டம் கொடுத்திருப்பதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. 2019 மார்ச் 19 அன்று மத்திய அரசு 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்' என்று வெளியிட்டது. அதற்கு முன்பே, 2017இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகளை வெளியிட்டிருந்தது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி என்றாலும், தனியார் கல்லூரி என்றாலும், எல்லை தாண்டி திருவனந்தபுரத்துக்குப் போனாலும் இந்த இரண்டும்தான். பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இது கம்பெனி மருந்துப் பரிசோதனையா, காலேஜ் ஆராய்ச்சியா?" ஒரு கம்பெனி தன் புது மருந்தைச் சோதிக்கிறது என்றால், அதற்கு டெல்லியில் இருக்கும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். ஸ்பான்சர், அதாவது பரிசோதனைக்குப் பொறுப்பேற்று நடத்துவது, என்று ஒரு கம்பெனி பெயர் இருக்கும். பாதிப்பு வந்தால் நஷ்ட ஈடு எவ்வளவு என்று சூத்திரமே விதியில் இருக்கிறது. ஆனால் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இரண்டாவது வகையில். எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஒவ்வொரு டாக்டரும் ஒரு தீசிஸ், அதாவது ஆய்வேடு, எழுத வேண்டும். ஏற்கெனவே கடையில் விற்கிற மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ கொடுத்துப் பார்ப்பதற்குக் கல்லூரியின் எதிக்ஸ் கமிட்டி, அதாவது ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் குழு, சம்மதித்தால் போதும், டெல்லி அனுமதி தேவையில்லை. இதில் அந்தச் சூத்திரம் செல்லாது என்று சொல்லிக் கையை விரிப்பார்கள். பாதி உண்மைதான். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் ஈடும் கொடுக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை சொல்கிறது. மாணவர் ஆராய்ச்சியில் ஸ்பான்சர் இடத்தில் நிற்பது ஆராய்ச்சியை நடத்துகிறவரும் அந்தக் கல்லூரியும்தான். "இது தீசிஸ் கேஸ், ஒண்ணும் கிடையாது" என்றால் நம்பாதீர்கள்.

அதே தீசிஸுக்காகக் கூடுதலாக ஒரு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ எழுதி, "வெளியே எடுத்துட்டு வாங்க" என்று அனுப்புவதும் நடக்கிறது. வழக்கமான சிகிச்சைக்குத் தேவையில்லாத, ஆராய்ச்சிக்காக மட்டும் எடுக்கிற எதற்கும் உங்கள் காசு போகக் கூடாது. சீட்டைக் காட்டி, "இது என் நோய்க்கா, உங்க ஆராய்ச்சிக்கா?" என்று கேளுங்கள். ஆராய்ச்சிக்கு என்றால் பணம் கட்டாதீர்கள்.

இனி சம்மதப் படிவம். முக்கால்வாசி அநியாயம் இங்கேதான் தொடங்குகிறது. நிரப்பிக் கையெழுத்தான படிவத்தின் நகலும், ஆராய்ச்சி பற்றிய விவரத் தாளும் உங்களுக்கோ உடன் வந்தவருக்கோ தரப்பட வேண்டும். இது விதி. ஆனால் "அப்புறம் தாறோம்" என்பார்கள். அந்த அப்புறம் வராது.

விளவங்கோடு பக்கம் ஓர் அம்மா. கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர், சர்க்கரைப் புண். ஒரு மருத்துவமனையில் புது ஊசி ஒன்றைப் போட ஆரம்பித்தார்கள். சில நாளில் உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறல். பதறிப்போய் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், கடன் வாங்கிக் கட்டினார்கள். அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பினார்: ஓ.பி. சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ். சம்மதப் படிவம் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குப் பேப்பர் எதுக்குன்னு சொல்லிட்டாவ மக்கா" என்றார். மருத்துவமனையில் விசாரித்தபோது, ஃபைல் சாரிடம் இருக்கிறது, சார் லீவு என்றார்கள். பிறகு சார் வேறு ஊருக்கு மாறுதலாகிவிட்டார் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத்தான் விதி கூடுதல் பாதுகாப்பு வைத்திருக்கிறது. ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி, விளக்கிச் சொல்லி முடிக்கும்வரை கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். ரேகையை உருட்டி வாங்கிவிட்டு, வார்டில் வேலை பார்க்கிற யாரையோ சாட்சியாகப் போடுவது செல்லாது.

மொழியையும் பாருங்கள். திருவனந்தபுரத்தில் சிகிச்சைக்குப் போகிற நம் ஆட்களிடம் மலையாளப் படிவத்தை நீட்டுகிறார்கள். மலையாளம் பேசுவோம் என்பதால் வாசிக்கவும் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் கொடுப்பது அவர்கள் கடமை. கம்பெனி மருந்துப் படிவத்தில் வாரிசுதாரர் பெயர், முகவரி, உறவு என்று ஓர் இடம் இருக்கும். உயிரே போய்விட்டால் ஈட்டுத்தொகை யாருக்கு என்பதற்கான இடம் அது. அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களே எழுதிவிடுங்கள், எழுதிய பிறகு நகல் எடுங்கள். நகல் தர மறுத்தால் செல்போனில் எல்லாப் பக்கத்தையும் படம் பிடியுங்கள். சேர மாட்டேன் என்று சொல்லவும், நடுவில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது.

சரி, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது. பால்வெட்டுகிறவர் வீட்டில் நடந்ததுதான் பெரும்பாலும் நடக்கும். பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிடுவோம். ஏட்டில் அது ஒன்றுமே நடக்காத மாதிரி. சாவு, உயிருக்கு ஆபத்து, ஊனம், ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பது, குழந்தைக்குப் பிறவிக் குறை என்பவைதான் 'கடுமையான பாதிப்பு' கணக்கில் வரும். அதனால் எங்கே சேர்ந்தாலும் அட்மிஷன் போடச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இவர் இன்ன மருந்துப் பரிசோதனையில் இருக்கிறார்' என்று எழுத வையுங்கள். அன்றைக்கே ஆராய்ச்சி டாக்டருக்கு போனோடு ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்புங்கள். கம்பெனி மருந்து என்றால் அவர் 24 மணி நேரத்துக்குள் டெல்லிக்கும் கம்பெனிக்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் சொல்லியாக வேண்டும். 14 நாளில் விரிவான அறிக்கை போக வேண்டும். 30 நாளில் எதிக்ஸ் கமிட்டி தன் கருத்தை அனுப்ப வேண்டும். நீங்கள் சொன்னதற்குச் சாட்சி இல்லையென்றால், "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்ற ஒரே வாக்கியத்தில் இதெல்லாம் காணாமல் போகும்.

சிகிச்சைச் செலவு கம்பெனியுடையது. ஆராய்ச்சி டாக்டர் தேவை என்று சொல்லும்வரையோ, பரிசோதனையால் வந்த பாதிப்பு இல்லை என்று நிரூபிக்கப்படும்வரையோ, எது முந்தியோ அதுவரை இலவசமாகப் பார்க்க வேண்டும். நிரூபிக்க வேண்டியது நீங்கள் அல்ல. இந்த நேரத்தில் யாராவது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கம்பெனி கட்ட வேண்டியதை உங்கள் குடும்பத்தின் காப்பீட்டு வரம்பில் ஏன் கழிக்க வேண்டும்?

தொகைக்கு வருவோம். சாவுக்கான அடிப்படைத் தொகை 8 லட்சம். அதை வயதுக்கான ஓர் எண்ணாலும், நோயின் தீவிரத்துக்கான ஓர் எண்ணாலும் பெருக்கி, 99.37ஆல் வகுப்பார்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு வயது எண்ணும் 99.37தான் என்பதால் அது கழிந்துவிடும். தீவிர எண் 0.5 முதல் 4 வரை. 65 வயதைத் தாண்டியவர், லேசான நோயோடு சேர்ந்தவர் என்றால் தீவிர எண் 3, தொகை 24 லட்சம். அதே வயதுக்காரரை ஆறு மாதத்துக்குமேல் பிழைக்க மாட்டார் என்ற நிலையில் சேர்ந்தவராகக் காட்டினால் எண் 0.5, தொகை 4 லட்சம். ஒரு வரியில் 20 லட்சம் போய்விடும். இந்த எண் சேர்ந்த நாளன்று இருந்த உடல்நிலையை வைத்துப் போடப்படுவது, மோசமான பிறகு இருந்த நிலையை வைத்து அல்ல. ஆகவே சேர்வதற்கு முந்தைய ஓ.பி. சீட்டு ஒன்றையும் கிழித்துப் போடாதீர்கள். ஊனமோ சாவோ இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து குணமானவருக்கு, கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் டெல்லியில் சாதாரணத் தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச நாள்கூலியைப் போல இரண்டு மடங்கு. நம் ஊர்க் கூலியைச் சொல்லிக் குறைக்க விடாதீர்கள். உத்தரவு வந்த 30 நாளில் பணம் வந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அலைக்கழித்தால், டாக்டரின் அறை வாசலில் காத்துக் கிடக்காதீர்கள், பலனில்லை. எதிக்ஸ் கமிட்டி உறுப்பினர் செயலர் பெயருக்கு ஒரு மனு எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். அந்தக் கமிட்டியில் பாதிப் பேராவது கல்லூரிக்கு வெளியே உள்ளவர்களாக இருக்க வேண்டும், ஒரு சட்டம் தெரிந்தவரும் இருப்பார். எழுத்தில் வந்ததை மறைப்பது அங்கே கடினம். கூடவே, மருத்துவ ஆவணப் பிரிவில் உங்கள் சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த ஆராய்ச்சிக்கு எதிக்ஸ் கமிட்டி கொடுத்த ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். தனியார் என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கேட்கலாம், அதற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

சேர்வதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சி.டி.ஆர்.ஐ. என்று ஐ.சி.எம்.ஆர். நடத்தும் ஓர் இணையப் பதிவேடு இருக்கிறது. புது மருந்துப் பரிசோதனை எல்லாம் அதில் பதிவாகியிருக்க வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். படிவத்தில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் போனில் தேடிவிடும். ஸ்பான்சர் யார், எந்த எதிக்ஸ் கமிட்டி, பொறுப்பு டாக்டர் யார் என்று எல்லாம் அதில் வரும். எண் இல்லை என்றோ, எழுதிய எண்ணில் வேறு ஆராய்ச்சி வருகிறது என்றோ தெரிந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்று பலர் நின்றுவிடுகிறார்கள். நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத் திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். மனுவை வீட்டுப் பெண்கள் பெயரில் கொடுத்தால் வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் அலைய வேண்டியதில்லை. போகும்போது படிவ நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, தபால் ரசீது மூன்றையும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.