மழையில் வைப்பர் நின்றால் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

அக்டோபர் மாதம், மாலை நேரம். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. மாமாவின் காடிக்கு, அதாவது காருக்கு, வயது முப்பதுக்கு மேல். வைப்பர் நாலைந்து தடவை போய் வந்து, கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. ஓரங்கட்டினோம்.

"மோட்டார் போச்சு மாமா" என்றேன். அவர் தோட்டத்து ஆலையில் பிட்டராக இருந்தவர். "சத்தம் போடாம கேளு" என்று ரேடியோவை அணைத்தார். டேஷ்போர்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று சீராக முனகிக்கொண்டிருந்தது. "மோட்டார் ஓடுது. கைதான் கூட வரல."

மழை குறைந்ததும் சாவியை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்தார். மோட்டார் வட்டமாகச் சுற்றுகிறது. வைப்பரோ பக்கவாட்டில் ஆடுகிறது. சுற்றலை ஆட்டமாக மாற்றுவது ஒரு குட்டைக் கையும் இரண்டு இரும்புக் கம்பிகளும்தான். கம்பி முனையில் நைலான் கிண்ணம், அதற்குள் ஒரு குண்டு. கிரீஸ் காய்ந்து, கிண்ணம் தேய்ந்து, கம்பி கழன்று கிடந்தது. அழுத்திப் பொருத்தி, கம்பியால் ஒரு கட்டுப் போட்டார். அது வீடு வந்து சேரும்வரை தாங்கியது. மறுநாள் புதுக் கிண்ணம் போட்டோம்.

பழைய காடியில் வைப்பர் நின்றதும் புது மோட்டார் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஓசை கேட்டால் கோளாறு மோட்டாருக்கு அடுத்த இடத்தில் இருக்கும், கம்பியைப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கை மட்டும் நின்றால், அதன் அடியிலுள்ள மூடியைக் கழற்றி நட்டைப் பாருங்கள். நட்டு தளர்ந்தால் உள்ளே உள்ள பற்கள் வழுக்கும்.

ஓசையே இல்லையென்றால் கோளாறு மின்சாரத்தின் பாதையில் இருக்கலாம். முதலில் பியூஸ். அது எரிந்திருந்தால் ஏன் எரிந்தது என்று கேட்க வேண்டும். ஓடுகிற மோட்டார் தன்னுள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். வைப்பர் கை சுழலும் தண்டு துருப்பிடித்து இறுகி, மோட்டார் நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு போய்விடும். மின்னோட்டம் பல மடங்கு ஏறி பியூஸை எரிக்கும். பெரிய பியூஸாகப் போட்டுச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அப்புறம் பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். கம்பியைக் கழற்றிவிட்டு தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள், இறுக்கம் விரலிலேயே தெரியும்.

பியூஸ் நன்றாக இருந்தும் அசையவில்லை, அல்லது சோம்பலாக நகர்கிறது என்றால் 'எர்த்'தைச் சந்தேகிக்கலாம். மோட்டாருக்குள் போன மின்சாரம் காடியின் உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. போல்ட் அடியில் துரு இருந்தால் திரும்புகிற வழி அடைபடும். பேட்டரியின் நெகட்டிவ் (−) முனையிலிருந்து மோட்டாரின் உடம்புக்கு ஒரு தனி வயரைத் தொட்டுவையுங்கள். வைப்பர் உடனே சுறுசுறுப்பானால், போல்ட்டைச் சுரண்டித் துடைத்தால் போதும், ஒரு வெள்ளி செலவில்லை. வைப்பரை ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் கம்பிகளின் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

வேகமாக ஓடுகிறது, மெதுவாக ஓட மறுக்கிறது என்பது வேறு கதை. பல மோட்டார்களில் மூன்று கார்பன் பிரஷ் உண்டு: ஒன்று பொது, ஒன்று மெது, ஒன்று வேகம். வேகத்துக்கான பிரஷ் பொது பிரஷுக்கு நேர் எதிரே இல்லாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் எதிர் மின்னழுத்தம் தரும் சுருள்கள் குறைகின்றன. மோட்டார் விரைந்து சுற்றுகிறது. நாம் அதிகம் பயன்படுத்துவது மெது நிலை, எனவே முதலில் தேய்வது அந்த பிரஷ். சுவிட்சின் தொடுமுனை கெட்டாலும் இதே அறிகுறிதான். மோட்டாரின் மெது வயரில் சோதனை பல்பு எரிந்தால் சுவிட்ச் தப்பித்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வைப்பர் தானே படுத்துக்கொள்வது. நாம் எந்த நொடியில் சுவிட்சை அணைத்தாலும் அது நடுவில் நிற்காமல் கண்ணாடியின் அடிக்குப் போய்ச் சேருகிறது. மோட்டாரோடு சேர்ந்த பல்சக்கரத்தின் மேல் ஒரு செம்புத் தகடு, அதில் ஒரு வெட்டு. சுவிட்ச் அணைந்த பிறகும் தகட்டின் வழியாக மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். வெட்டு வந்ததும் அது அறுபடும். அந்த நேரத்தில் மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படும். சுற்றிக்கொண்டிருந்த மோட்டார் ஒரு கணம் டைனமோவாகி, தன்னையே பிரேக் போட்டு நிறுத்துகிறது. அணைத்த இடத்திலேயே வைப்பர் நின்றால் தகட்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அணைத்தும் ஓயாமல் ஓடினால் பிரேக் தொடர்பு அறுந்திருக்கலாம். உறையைத் திறந்து தகட்டைத் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

கடைசியில் ரப்பர். நாங்கள் கித்தா என்றுதான் சொல்வோம். என் பாட்டி விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர். கித்தாவின் நீண்ட மூலக்கூறுகளில் வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத் தாக்கி அறுக்கிறது. வெயிலும் சூடும் மிச்சத்தை இறுக்குகின்றன. நல்ல பிளேடு போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமுமாகச் சாயும். இறுகிய பிளேடு புரள மறுத்து, கண்ணாடியில் 'தடதட'வென்று குதிக்கும்.

மணல்தாளால் தேய்க்காதீர்கள், வழுக்கலுக்காகப் பதப்படுத்திய மேற்பரப்பு போய்விடும். மண்ணெண்ணெயும் வேண்டாம், கித்தா அதை உறிஞ்சி ஊதிப்போகும். செம்பனை லோரிகளும் செம்மண்ணும் போகிற சாலையில் கண்ணாடியில் எண்ணெய்ப்படலமும் மண்ணும் சேரும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் கழுவி நன்றாக அலசுங்கள். அப்புறம் பிளேடின் விளிம்பை விரலால் வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தால் அதை மாற்றிவிடுங்கள்.