முதல் துப்பாக்கியும் ஐம்பதாயிரமாவது துப்பாக்கியும்

ராணுவத்துக்கு உள்நாட்டிலேயே ஒரு புதிய ரைபிள் தயாராகிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 'பார்த்தீர்களா, நம்மாலும் முடியும்' என்று ஒரு கூட்டம். 'இன்சாஸ் துப்பாக்கி கதை மறந்துபோச்சா' என்று இன்னொரு கூட்டம். சிறு ஆயுதங்களின் தரப் பரிசோதனையிலேயே வேலைக் காலத்தைக் கழித்தவன் நான். இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை இருக்கிறது என்பேன். புகைப்படத்தில் வருவது முதல் துப்பாக்கி. கைதேர்ந்த ஃபிட்டர் ஒருவர் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவிப் பொருத்தியிருப்பார். அது நன்றாகத்தான் சுடும். சிப்பாயின் கைக்குப் போவதோ ஐம்பதாயிரமாவது துப்பாக்கி.

இன்சாஸையே எடுத்துக்கொள்வோம். அதுவரை இருந்த 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு மாற்றாக, 5.56 மி.மீ. தோட்டாவுக்காக புனேயில் உள்ள அரசு ஆயுத ஆய்வகமான ஏ.ஆர்.டி.இ. வடிவமைத்தது. தோட்டாவை மாற்றியதற்கு முக்கியமான காரணம் எடை. எஸ்.எல்.ஆர். தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், 5.56 அதில் பாதி. அதே சுமையில் இரண்டு மடங்கு தோட்டா எடுத்துப்போகலாம். துப்பாக்கியின் உள்ளமைப்பு ரஷ்யாவின் கலாஷ்னிகோவ் (ஏ.கே.) வழி, வெடிவாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் கேஸ் ரெகுலேட்டர் எஸ்.எல்.ஆர். வழி. 'காப்பி அடித்தார்கள்' என்று இதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. இஸ்ரேலின் கலில் துப்பாக்கியும் கலாஷ்னிகோவ் வழி வந்ததுதானே? அதில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் தாமதத்தில் இருந்தது. இன்சாஸ் வரத் தாமதமாகி, 1990களின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஏ.கே.எம். துப்பாக்கிகளை அவசரமாக வாங்க வேண்டி வந்தது.

1999-ல் கார்கில். குளிரில், தோட்டா நிரப்பும் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன, துப்பாக்கிகள் இடையிடையே சிக்கின என்று புகார்கள் வந்தன. சுடும்போது எண்ணெய் கண்ணில் தெறிக்கிறது என்றும் சொன்னார்கள். நம்மிடமிருந்து வாங்கிய நேபாள ராணுவமும் 2005-ல் காலிகோட் மாவட்டச் சண்டையில் ஏற்பட்ட இழப்புக்கு இன்சாஸைக் குறை சொன்னது.

மேகசின் என்றதும் தகர டப்பாதானே என்று நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் அதிகம் தூக்கம் கெடுப்பது அதுதான். மேல் முனையில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு உதடுகள் இருக்கும். அவற்றின் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு விரிந்தாலே தோட்டாவின் மூக்கு தூக்கிக்கொள்ளும்; தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் பாகமான போல்ட் முன்னே தள்ளும்போது, குழலின் பின்முனை அறைக்குள் போகாமல் விளிம்பில் முட்டி நிற்கும். அதனால் மேகசினைக் காலியாக வைத்துச் சோதிப்பதில் அர்த்தம் இல்லை. முழுக்க நிரப்பி, குளிர் அறையில் ராத்திரி முழுக்க வைத்து, எடுத்த கையோடு கான்கிரீட் தரையில் உதடுப் பக்கம் படும்படி போட வேண்டும். பிறகு கேஜ் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்து, சுட்டும் பார்க்க வேண்டும். இன்னொரு செட்டை நிரப்பியபடியே வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைத்து ஸ்ப்ரிங் தளர்கிறதா என்று பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை. டெலிவரி தேதி நெருங்கினால் முதலில் சுருக்கப்படுவதும் இந்த வேலைதான்.

2017-ல் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை தயாரித்த புதிய 7.62 துப்பாக்கியை ராணுவம் சோதனையில் நிராகரித்தது. அப்போது வெளியான காரணங்களில் ஒன்று, மேகசினையே புதிதாக வடிவமைக்க வேண்டும் என்பது. கார்கிலுக்கு 18 வருடம் கழித்து!

புதிய துப்பாக்கியைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: கலப்புச் சோதனை செய்தீர்களா? வெவ்வேறு லாட்களிலிருந்து (தயாரிப்புத் தொகுதிகளிலிருந்து) பத்துத் துப்பாக்கிகளை எடுத்து முழுக்கக் கழற்றி, பாகங்களை எல்லாம் ஒரே மேஜையில் கொட்டிக் கலந்து, கைக்கு வந்ததை எடுத்து மறுபடி பூட்ட வேண்டும். அரம், சுத்தியல் தொடக் கூடாது. பிறகு, அறையில் தோட்டாவுக்கு போல்ட் விடும் இடம் சரியா என்று பார்க்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ்: 'கோ' கேஜில் போல்ட் பூட்ட வேண்டும், 'நோ கோ'வில் பூட்டக் கூடாது. பத்தும் தேறினால் அது தொழிற்சாலை. நாலு தேறி ஆறு தேறாவிட்டால் அங்கே இருப்பது நல்ல பட்டறை, அவ்வளவுதான். இஷாப்பூர், கான்பூர், திருச்சி என்று மூன்று ஊர்களில் ஒரே துப்பாக்கி தயாராகும்போது இது இன்னும் கடுமையாகிவிடும். ஒரு ஊர் போல்ட் இன்னொரு ஊர் ரிசீவரில் (துப்பாக்கியின் உடற்கூட்டில்) மக்கர் பண்ணாமல் ஓட வேண்டும் அல்லவா?

தோட்டாவும் துப்பாக்கியின் ஒரு பாகம்தான். வியட்நாம் போரில் அமெரிக்கர்களின் எம்-16 பட்ட பாடு தெரிந்திருக்கும். வெடிமருந்தின் வகையை மாற்றினார்கள்; அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை; சுத்தம் செய்யும் கருவிகளும் போதுமான அளவு போகவில்லை. காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கி வீரர்கள் செத்தார்கள். நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது. ஆனால் அவர்கள் துப்பாக்கியைத் தூக்கி எறியவில்லை, திருத்தினார்கள். பிரிட்டனின் எஸ்.ஏ.80 துப்பாக்கியும் 1991 வளைகுடாப் போரில் மணலில் திணறியது. ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்திடம் கொடுத்துப் பாகம் பாகமாக மாற்றினார்கள். அந்தக் குடும்பத் துப்பாக்கி இன்றும் பணியில் இருக்கிறது. இன்சாஸுக்கு அப்படி ஒரு முழுமையான, பிடிவாதமான திருத்தம் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். குழலைக் குட்டையாக்கி, தொடர்ந்து சுடும் வசதியும் சேர்த்த 'எக்ஸ்காலிபர்' வந்தது. அதற்குள் ராணுவத்தின் தேவையே மாறிவிட்டது.

இங்கேதான் ராணுவத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். 5.56 வேண்டும் என்றார்கள். எதிரியைக் காயப்படுத்தினால் அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்லப்பட்டது. தீவிரவாதிகளுடனான சண்டையில் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. 2011-ல் குழலை மாற்றி 5.56, 7.62x39 (குண்டின் விட்டம், தோட்டாக் கூட்டின் நீளம், மில்லிமீட்டரில்) இரண்டையும் சுடும் துப்பாக்கி வேண்டும் என்று உலக டெண்டர். வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து சோதனையெல்லாம் நடந்தது, 2015-ல் ரத்து. அப்புறம், வேண்டாம், 7.62x51 கொடுங்கள் என்றார்கள். அளவெடுத்துத் துணியை வெட்டிய பிறகு, சட்டை வேண்டாம், ஷெர்வானி தை என்றால் எந்தத் தையல்காரர் என்ன செய்வார்? தேவைப் பட்டியலில் ஒரு வரி மாறினால் குழல், போல்ட், ஸ்ப்ரிங், மேகசின் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பல வருடங்கள் ஆகும்.

விளைவு என்ன? 2019-ல் அமெரிக்காவின் சிக் 716 துப்பாக்கிகள் 72,400 அவசரக் கொள்முதல். பின்னர் இன்னும் ஒரு பெரிய ஆர்டர். அது சுடுவது 7.62x51. உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் ரஷ்யக் கூட்டுடன் ஏ.கே.203, 2021 டிசம்பரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம். அது சுடுவது 7.62x39. பழைய இன்சாஸ் இன்னும் கையில் இருக்கும் இடங்களில் 5.56. மூன்று வகைத் தோட்டா, மூன்று வகை மேகசின், மூன்று வகை உதிரிப்பாகம். மலை உச்சிக்கு கோவேறு கழுதை முதுகில் சரக்கு ஏற்றும் சப்ளைக்காரரிடம் கேட்டால் இதன் அருமை தெரியும்.

ஏ.கே.203 மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, ஒரு நிபந்தனையோடு. தொழில்நுட்பப் பரிமாற்றம் என்றால் வரைபடம் மட்டும் வருவது அல்ல. குழலுக்கான எஃகின் சேர்மானம், சூடேற்றிக் குளிர்விக்கும் முறை, ஸ்ப்ரிங் கம்பி, குரோமியப் பூச்சின் தடிமன், இவற்றோடு கேஜ்களும் வர வேண்டும். திருச்சி தொழிற்சாலை ஏற்கெனவே 7.62x39-ல் ஏ.கே. வகைத் 'திருச்சி அசால்ட் ரைபிள்' செய்த இடம். 1960களிலிருந்து துப்பாக்கி வேலை பழகிய ஊர் அது. இந்த மாதிரி அனுபவம் வேறு மாநிலத்துப் புதுத் தொழிற்சாலைக்கு ஃபைலாகப் போய்ச் சேராது. ஆட்கள் போய்ப் பழக்க வேண்டும்.

2024 ஜனவரியில் அறிமுகமான 'உக்ரம்' துப்பாக்கி 7.62x51, எடை 4 கிலோவுக்குள். ஏ.ஆர்.டி.இ.யும் ஹைதராபாத்தின் த்வீபா நிறுவனமும் சேர்ந்து குறுகிய காலத்தில் செய்தார்கள். வேகமாகச் செய்தது நல்லதுதான், பாராட்டுகிறேன். சோதனை முடிவுகள் வெளியே வரும்போது துல்லியம் எத்தனை என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் முதலில் தேடுவது, எத்தனை ஆயிரம் தோட்டாவுக்கு எத்தனை முறை சிக்கியது, எந்தத் தொழிற்சாலைத் தோட்டாவை வைத்துச் சுட்டார்கள், அந்த மேகசின்களைக் குளிர் அறையில் வைத்தார்களா என்பதைத்தான்.