வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: கோளாறு எங்கே இருக்கிறது?

போனில் வைஃபைக் கோடுகள் முழுசாகத் தெரிகின்றன. ஆனால் ஒரு செய்தி போக மாட்டேன் என்கிறது, ஒரு பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. செட்டிங்ஸுக்குள் போனால் 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று போட்டிருக்கிறது. உடனே பலர் செய்கிற காரியம், கண்ணில் பட்ட 'ரீசெட்' பொத்தானை எல்லாம் அழுத்துவது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். போன் சொல்வது உண்மைதான், அதில் துப்பும் இருக்கிறது. அந்த வைஃபைச் சின்னம் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள ரேடியோ இணைப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கடவுச்சொல் சரி, அலை வருகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ரவுட்டரைத் தாண்டி வெளியே வழி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

அந்தத் தனிக் கேள்வியைப் போன் எப்படிக் கேட்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் சேர்ந்ததும் கூகுளின் ஒரு சர்வருக்கு ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பும். அந்தச் சர்வரின் ஒரே வேலை, 204 என்ற எண்ணைத் திருப்பி அனுப்புவது. 'கோரிக்கை வந்தது, தர உள்ளடக்கம் எதுவும் இல்லை' என்று அதற்கு அர்த்தம். 204 வந்தால் இணையம் உண்டு. எதுவும் வராவிட்டால் இணையம் இல்லை. 204-க்குப் பதிலாக வேறு ஏதோ பக்கம் வந்தால் நடுவில் யாரோ வழிமறிக்கிறார்கள், பெரும்பாலும் லாகின் பக்கம் கேட்கும் பொது வைஃபையாக இருக்கும். ஐபோனும் இதையேதான் செய்கிறது, அது ஆப்பிள் சர்வரிடமிருந்து 'சக்சஸ்' என்ற ஒரு சொல்லை எதிர்பார்க்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் பல போன்கள் சத்தமில்லாமல் டேட்டாவுக்கு மாறிவிடும், நீங்கள் சோதிப்பது எதை என்றே தெரியாமல் போகும். அடுத்து அதே வைஃபையில் இன்னொரு போனையோ லேப்டாப்பையோ பாருங்கள். அதிலும் இணையம் இல்லையென்றால் உங்கள் போன்மேல் தப்பில்லை. ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள், முழுசாக எழுந்துவர அதற்கு ஓரிரு நிமிடம் ஆகும். ஃபைபர் இணைப்பாக இருந்து 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி சிக்னலே வந்து சேரவில்லை. கேபிள் பிடுங்கியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இணைப்பு தருபவரைக் கூப்பிடுங்கள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அறுந்த ஃபைபர் ஒட்டாது.

மற்ற எல்லாவற்றிலும் இணையம் வருகிறது, உங்கள் போனில் மட்டும் இல்லை என்றால் இனிதான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வைஃபையில் சேர்ந்த போனுக்கு முதலில் ஒரு ஐபி முகவரி வேண்டும். கதவு எண் இல்லாத வீட்டுக்குக் கடிதம் வராதது போல, முகவரி இல்லாத போனுக்குப் பதில் எதுவும் வந்து சேராது. போன் 'யாராவது முகவரி தருவீர்களா' என்று பொதுவாகக் கூவும், ரவுட்டர் ஒன்றைக் காட்டும், போன் 'அதையே கொடு' என்று கேட்கும், ரவுட்டர் 'எடுத்துக்கொள்' என்று உறுதி செய்யும். இந்த நான்கு செய்திப் பரிமாற்றத்துக்குப் பெயர் டிஎச்சிபி. அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் கிடைத்த முகவரி தெரியும். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் நல்லது, இந்தக் கட்டம் தாண்டிவிட்டது. 169.254 என்று தொடங்கினால் யாரும் முகவரி கொடுக்கவில்லை, போனே தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம், அதை வைத்து வெளியே போகவே முடியாது. சில போன்கள் அதைக்கூடக் காட்டாமல் 'ஐபி முகவரி பெறுகிறது' என்று சொல்லிக்கொண்டே நிற்கும்.

இதற்குக் காரணங்கள் உண்டு. வழக்கமான வீட்டு ரவுட்டரில் ஒரு வலையில் அதிகபட்சம் 254 முகவரிகள்தான், பல ரவுட்டர்கள் அதிலும் ஒரு பகுதியை மட்டும்தான் விநியோகிக்கும். கூட்டமான இடத்தில் அது தீர்ந்துபோகும். கொடுத்த முகவரிக்குக் காலக்கெடு உண்டு, ஆள் போனபின்பும் கெடு முடியும்வரை அது பூட்டியே கிடக்கும். இன்னொன்று, யாராவது எப்போதோ அந்த வைஃபைக்கு ஐபி அமைப்பை 'ஸ்டாட்டிக்' (கையால் கொடுத்த நிலையான எண்) என்று மாற்றி வைத்திருப்பது. ரவுட்டரை மாற்றியதும் அந்தப் பழைய எண் பொருந்தாமல் போகும். அதை 'டிஎச்சிபி' என்று திருப்பி வைத்தாலே போதும்.

முகவரி சரியாக இருக்கிறது, அப்புறமும் இணையம் இல்லையா? ரவுட்டரின் பெற்றோர் கட்டுப்பாட்டையும் தடைப் பட்டியலையும் பாருங்கள். அவை பெரும்பாலும் வைஃபையில் சேரவிடும், வெளியே மட்டும் விடாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புதிய மேக் முகவரியை (ரவுட்டர் கருவியை அடையாளம் காணும் எண்) உருவாக்கிக் காட்டுகின்றன. அதனால் ரவுட்டரில் உங்கள் போனின் பழைய மேக்கைக் குறித்து அனுமதி கொடுத்திருந்தாலும் அது இந்தப் போனை அந்நியனாகவே பார்க்கும்.

அடுத்தது டிஎன்எஸ், என் கணக்கில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். நீங்கள் தட்டுவது தளத்தின் பெயர், வலையில் பயணிக்க வேண்டியது எண். பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ் சர்வர். அது பதில் சொல்லாவிட்டால் இணைப்பு முழுக்க நன்றாக இருந்தும் ஒரு பக்கமும் திறக்காது. கண்டுபிடிக்க எளிய வழி, பிங் செய்யும், அதாவது ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும், இலவசச் செயலி ஒன்றில் 8.8.8.8 என்று கொடுத்துப் பாருங்கள். அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர். அதிலிருந்து பதில் வந்து, ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான்.

இங்கேதான் விளம்பரங்களைத் தடுக்க 'பிரைவேட் டிஎன்எஸ்' வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள இந்த வசதியில் நீங்கள் ஒரு சர்வரின் பெயரைக் கொடுத்துவிட்டால் போன் அதை மட்டும்தான் கேட்கும், கிடைக்காவிட்டால் வேறு யாரிடமும் போகாது. அது 853-ஆம் போர்ட் (எண்ணிட்ட ஒரு வாசல் மாதிரி) வழியாகப் பேசுகிறது, சில அலுவலக வைஃபைகளில் அந்த போர்ட் மூடியிருக்கும். வீட்டில் ஓடுகிறது, அலுவலகத்தில் ஓடவில்லை என்றால் முதலில் இதை 'தானியங்கி' என்று மாற்றிப் பாருங்கள். போனின் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் செயலிகளையும் அதே கையோடு அணைத்துவிடுங்கள்.

பொது வைஃபையில் லாகின் பக்கம் வராமல் தவிப்பது தனிக் கதை. அந்த வைஃபை உங்கள் கோரிக்கையை வழிமறித்துத் தன் பக்கத்தைக் காட்டப் பார்க்கும், ஆனால் இன்றைய தளங்கள் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்கம் செய்த இணைப்பில் இயங்குபவை, நடுவில் ஆள் மாறினால் பிரவுசர் மறுத்துவிடும். குறியாக்கம் இல்லாத எச்டிடிபி பக்கம் ஒன்றைத் திறந்தால்தான் வழிமறிக்க முடியும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) இதற்காகவே இருக்கிற தளம்.

போனின் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு, பலவற்றின் ஆயுள் 90 நாள்தான். பேட்டரி முழுதாகச் செத்து எழுந்த போனில் தேதி சில மாதம் பின்னே போயிருந்தால், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் தளத்தைத் திறக்க மறுக்கும்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் அந்த வைஃபையை மட்டும் 'மறந்துவிடு' கொடுத்து மறுபடி சேருங்கள். நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள். அது சேமித்த வைஃபைக் கடவுச்சொற்கள் அனைத்தையும் அழித்துவிடும், ஆண்ட்ராய்டில் புளூடூத் இணைப்புகளும் போய்விடும்.