பேரேட்டை வெட்டி வாழ்த்து அட்டை செய்பவர்களுக்கு

காரைக்குடியில் புத்தகம் கட்டுவதும் பழைய தாள்களைச் செப்பனிடுவதும் என் தொழில். பழைய கணக்கேட்டை வெட்டி வாழ்த்து அட்டை செய்து, அது கெட்டதும் என்னிடம் கொண்டுவருவது தை பிறந்ததிலிருந்து இது மூன்றாவது முறை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சென்ற வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தார். தம் ஐயாவின் சதாபிஷேகத்தன்று பேரன் பேத்திகள் ஆளுக்கொன்றாகக் கொடுப்பதற்கென்று தாமே கையால் செய்த பன்னிரண்டு வாழ்த்து அட்டைகளை என் மேசையில் பரப்பி, நிமிர்த்தித் தர முடியுமா என்று கேட்டார். அட்டைகள் அப்பளம்போல வளைந்திருந்தன, மடிப்புகள் வெடித்திருந்தன, ஓரங்களில் ஊதா நிறம் கசிந்திருந்தது. பூப்போட்ட தாள் எங்கே வாங்கியது என்று கேட்டேன். வாங்கவில்லையாம். வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த ரங்கூன் கடைப் பேரேட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருந்த மார்பிள் தாளை உரித்தும், கணக்கு எழுதிய பக்கங்களைக் கத்தரித்தும் செய்ததாம். அட்டைகளில் ஒன்றை முன்கூட்டியே ஐயாவிடம் காட்டியும் இருக்கிறார். அவர் வாழ்த்து வாசகத்தைப் பார்க்காமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் தகப்பனாரின் கையெழுத்தைப் படித்துவிட்டு, “வரவு இருக்கு, பற்று எங்கே ஆத்தா?” என்று கேட்டிருக்கிறார். பற்று எழுதிய மறுபக்கம் வெள்ளைப் பசைக்கு அடியில் இருந்தது.

அதை என்னால் மீட்டுத் தர முடியவில்லை. காய்ந்த வெள்ளைப் பசை தண்ணீரில் முழுதாகக் கரையாது; அதைக் கரைக்கும் அளவுக்கு நனைத்தால் எழுத்து முதலில் போய்விடும். அந்தக் காலத்துக் கணக்குகளில் காப்பியிங் பென்சிலால் எழுதிய வரிகள் நிறைய உண்டு. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில்போலச் சாம்பல் நிறத்தில் கிடக்கும் அந்த எழுத்து, ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊதாவாகப் பொங்கிப் பரவும். அந்தப் பெண் கண்ட ஊதா அதுதான்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “தொண்ணூறு வருடம் தாங்கிய தாள், அந்தக் காலத்து உறுதி, இதையா தாங்காது?” இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அந்தத் தாள் தாங்கியதற்குக் காரணம், அதை யாரும் ஒன்றும் செய்யவில்லை என்பதே. தேக்குப் பெட்டகத்தின் இருட்டில், மூடிய ஏட்டுக்குள், மடிப்பில்லாமல், ஈரமில்லாமல், வெயில் படாமல் அது படுத்துக் கிடந்தது. பார்வைக்கு அழகான தேன் நிறம் என்று நீங்கள் மெச்சுகிற அந்தப் பழுப்பே அது நலிந்துகொண்டிருப்பதன் அடையாளம். நம்பிக்கை இல்லையென்றால், தனியே உதிர்ந்து கிடக்கும் எழுத்தில்லாத துணுக்கு ஒன்றை எடுத்து அதன் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பாருங்கள். புதிய நகல் தாள் பல முறை மடித்தாலும் தாங்கும். நலிந்த தாள் இரண்டாவது மூன்றாவது மடிப்பிலேயே கையோடு வந்துவிடும். வாழ்த்து அட்டை என்பதோ மடித்து, திறந்து, மூடி, மறுபடி திறப்பதற்கென்றே செய்வது. தொண்ணூறு வயதுப் பெரியவர் திண்ணையில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக அவரைத் தென்னை மரம் ஏறச் சொல்வோமா?

லேமினேஷன் செய்து கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: சூட்டில் உருகிய அந்தப் பசை பழந்தாளுக்குள் இறங்கினால் இறங்கியதுதான்.

கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் தூக்கி எறிந்த அச்சுத்தாள்களையெல்லாம் ஆயுள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின்னர், அந்தச் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டே சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு நாம் கத்தரிக்கோலோடு பெட்டகத்தைத் திறக்கிறோம்.

உங்களுக்குத் தேவைப்படுவது தாளின் மேலுள்ள பூவேலைதான், தாள் அன்று. ஏட்டைப் பிரிக்காமல், முதுகை அழுத்தி உடைக்காமல், மேலிருந்து நேராகப் படமெடுங்கள். தனித் தாளாக இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். அதை 100 முதல் 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) தாளில் அச்சிட்டுக்கொண்டு, எத்தனை அட்டை வேண்டுமானாலும் வெட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தையும் இப்படியே பூப்போட்ட தாளாக்கிக்கொள்ளலாம்; ஆனால் நின்றபடி சாய்வாக எடுத்த படத்தில் சதுரம் சதுரமாக இருக்காது என்பதையும், கண்ணாடிமேல் வார்த்துச் செய்த அந்த வழவழப்பில் உங்கள் கைப்பேசியின் ஃபிளாஷ் வெள்ளைப் பொட்டாக விழும் என்பதையும் மறக்காதீர்கள். காலை வெளிச்சத்தில் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், எடுங்கள். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தை அச்சிடுகிறவர்கள், கட்டக் கோடு மடிப்புக்கு நேர் இணையாக வருமாறு வெட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் கோணலும் கட்டத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, வளைவதும் வெடிப்பதும். இது புதிய தாளுக்கும் நேர்வது. ஆலைத் தாளின் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எளிதில் சுருள்கிறதோ அந்தச் சுருளின் நீளவாக்கே இழையின் திசை. மடிப்பு அதற்கு இணையாக வர வேண்டும். கடையில் கிடைக்கும் ஏ4 அட்டையில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், எல்லாரும் செய்வதுபோல அதைக் குறுக்கே பாதியாக மடித்தால் வெடிக்கத்தான் செய்யும். பெரிய அட்டையாக வாங்கித் திசை பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு பள்ளம் கீறிவிட்டு மடியுங்கள். அடிப்படை அட்டைக்கு 250 ஜி.எஸ்.எம். போதும். தடிமன் கூடினால் தரம் கூடும் என்று யார் சொன்னது? லேசர் அச்சு மடிப்பில் உதிரும், ஆகவே பூத்தாளை மடிப்பின்மேல் ஓடவிடாமல் முகப்பில் மட்டும் ஒட்டுங்கள். இங்க்ஜெட் அச்சு ஈரத்தில் கரையக்கூடும். ஒட்டுமுன் ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பசையைக் குறையுங்கள். தயவுசெய்து குறையுங்கள். வெள்ளைப் பசையில் பாதி தண்ணீர்தான். அது தாளை இழைக்குக் குறுக்கே ஊதவைத்து, காயும்போது அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. தூரிகையால் மெல்லியதாக, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, வெள்ளைத் தாள் வைத்து, பலகையும் கனமான புத்தகங்களும் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். அட்டையின் உள்பக்கத்திலும் அதே திசையில் ஒரு மெல்லிய தாளை ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமனாகி வளைவு நிற்கும். புத்தக அட்டைக்கு நாங்கள் செய்வதும் இதுவே. மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள், பூச்சிக்காக எங்களைப்போல மயில்துத்தம் கலக்க வேண்டாம். அது நஞ்சு, வீட்டில் குழந்தைகள் உடனிருந்து ஒட்டுகிறார்கள். செல்லோடேப் எதற்கும் வேண்டாம். சில ஆண்டுகளில் அது பழுத்து, பிசின் கசிந்து, நீங்காத கறையை விட்டுப் போகும்.

பழைய பொருள் கடையில் தாள் வாங்குகிறவர்களும், பெட்டகத்தைத் திறக்கிறவர்களும், கத்தியை எடுக்குமுன் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கையெழுத்தோ, தாள் செய்தவரின் நீர்க்குறியோ தெரிந்தால் அது ஸ்கேனருக்குப் போக வேண்டிய தாள். பள்ளத்தூர்ப் பெண்ணின் பேரேட்டில் இன்னும் வெட்டாத பக்கங்கள் இருந்தன. அவற்றை அப்படியே பருத்தித் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். புதிய அட்டைகளுக்கான நகலை இந்த வாரம் எடுக்கிறோம்.