நோயாளிக்கான பருப்பு சூப்பில் பருப்பு இருக்க வேண்டும்

கொழும்பு வைத்தியசாலையொன்றில் போசணை ஆலோசகராகப் பணிபுரியும் நான், நோயாளரைப் பார்க்க வருவோர் கொண்டுவரும் உணவையும் கவனிப்பதுண்டு. மழைக்கால மாலையொன்றில், காய்ச்சல் விட்டுச் சற்றுத் தேறியிருந்த தாயொருவருக்கு மகள் வெள்ளவத்தையிலிருந்து பருப்பு சூப் கொண்டுவந்திருந்தார். கோப்பையில் ஊற்றியபோது விழுந்தது மஞ்சள் நிறத் தெளிநீர் மட்டுமே. "பருப்பு எங்கே தங்கச்சி?" என்று கேட்டேன். "அம்மாவுக்குச் செமிக்காதெண்டு வடிச்சிட்டன் மிஸ், பருப்பு வீட்டில சட்டியில கிடக்கு" என்றார்.

அந்த மகளின் அக்கறையில் குறையேதும் இல்லை. ஆனால், காய்ச்சலில் தசை கரைந்து களைத்திருக்கும் உடலுக்குத் தேவையான புரதம் அந்தச் சட்டியிலேயே தங்கிவிட்டது. சமைக்காத மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. அதை நான்கு கோப்பை சூப்பாக்கினால் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு முட்டையின் அளவு புரதம் கிடைக்கும். வடித்த நீரில் உப்பும் மணமும் இருக்குமே தவிர, புரதம் மிகச் சிறிதளவே இருக்கும்.

செமிபாட்டை இலகுவாக்க வடிக்கத் தேவையில்லை, நன்றாகக் குழைய வேகவைத்தால் போதும். மைசூர்ப் பருப்பு தோல் நீக்கி உடைக்கப்பட்டது என்பதால் இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் கரைந்துவிடும். வாயுத் தொல்லை உள்ளவர்களுக்காக அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள்; வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய நீருடன் போய்விடும்.

100 கிராம் பருப்புக்கு ஒரு லீற்றர் நீர் சேர்த்து, பொங்கி வரும் நுரையை அகப்பையால் எடுத்துவிட்டு, மஞ்சள், தட்டிய இஞ்சி, மூன்று பல்லு உள்ளி ஆகியவற்றைப் போடுங்கள். பருப்பு அரைவாசி வெந்ததும் சிறிதாக வெட்டிய கரட், பூசணிக்காய், லீக்ஸின் வெள்ளைப் பகுதி ஆகியவற்றைச் சேருங்கள். லீக்ஸின் மடிப்புகளுக்குள் மண் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் பிளந்து, ஓடும் நீரில் விரித்துக் கழுவ வேண்டும். தக்காளி சேர்ப்பதானால் பருப்பு குழைந்த பிறகே சேருங்கள், புளிப்பு முந்தினால் பருப்பு மெத்தென வேகாது. எல்லாம் வெந்ததும் மத்தால் கடைந்து, வறுத்து இடித்த மிளகும் சீரகமும் தூவி, இறுதியில் உப்பிடுங்கள். சூப் கட்டிகளில் உப்பு மிக அதிகம் என்பதால், உயர் குருதியமுக்கம் உள்ளவர்களுக்கு அவற்றைத் தவிர்க்குமாறு அழுத்திச் சொல்வேன். தேசிக்காய்ச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழியுங்கள். அதிலுள்ள வைற்றமின் சி கொதியில் வீணாகாமல், பருப்பின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவும்.

பசி சற்றுத் திரும்பியவர்களுக்கு, ஒரு பிடி குழைந்த சோற்றையும் அதில் மசித்துக் கொடுங்கள், பருப்பில் குறைவாக உள்ள அமினோ அமிலத்தை அரிசி ஈடுசெய்யும். ஒரே தடவையில் பெரிய கோப்பை நிறையக் கொடுப்பதைவிட, இரண்டு மணிக்கொரு தடவை அரைக் கோப்பை கொடுப்பது நல்லது.

டெங்குக் காய்ச்சல் நீடிக்கும் நாட்களில் பீட்ரூட் சேர்க்க வேண்டாம். சிவப்பு, கபில நிற உணவை உண்டவர் வாந்தி எடுத்தால், அது இரத்தமா உணவா என்று வைத்தியரால் பிரித்தறிய முடியாமல் போகலாம்.

கொழும்பின் வெக்கையில் சூப்பை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தே கொடுங்கள். சிறுநீரக நோயாளர்களுக்குப் பருப்பிலும் மரக்கறியிலும் உள்ள பொற்றாசியம் தீங்காகலாம் என்பதால், அவர்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்ட பின்னரே அடுப்பை மூட்டுங்கள்.