வண்டி நின்றதும் வரும் ஆயில் நெடி

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை மெதுவாக்கினால் காருக்குள் ஆயில் கருகும் நெடி வருகிறது, உச்சிப்புளிப் பக்கம் வேகம் பிடித்தால் போய்விடுகிறது, ஏ.சி.யில் கோளாறா என்று கேட்கிறார் மண்டபத்து வாசகர் ஒருவர். ஏ.சி. மேல் குற்றமில்லை. நெடி எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கவனித்திருக்கிறாரே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இன்ஜின் தலையை மூடியிருப்பது டேப்பட் கவர். அதன் ஓரத்து ரப்பர் பேக்கிங் வருஷக்கணக்கில் சூடுபட்டு இறுகிப்போனால் ஆயில் கசிந்து, இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாயில் சொட்டும். பாரம் இழுக்கும்போது மேனிஃபோல்டு 400 டிகிரியைத் தாண்டும். ஆயில் 200 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பித்துவிடும். வடைச்சட்டி கருகும் நெடி வேறு, இது வேறு. சமையல் எண்ணெயில் உள்ள கிளிசரால் உடைந்து அக்ரோலின் என்ற வாயு வரும், கண்ணை எரிக்கும். இன்ஜின் ஆயிலில் கிளிசரால் கிடையாது. அதில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்களும் சேர்ந்து கருகுவதால்தான் அந்தக் காட்டமான நெடி.

அது உள்ளே வரும் வழி அழகானது. காருக்குள் ஊதும் வெளிக்காற்றை ப்ளோயர் எடுப்பது முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் படுத்திருக்கும் பள்ளத்திலிருந்து. ஓடும் வண்டியில் பானெட் மேல் வழுக்கி வரும் காற்று கண்ணாடியில் முட்டி அங்கே தேங்கும், அழுத்தம் கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று முழுதாகத் தடைபட்டால் உண்டாகும் அழுத்தம் சுமார் 165 பாஸ்கல், அதாவது 17 மில்லிமீட்டர் தண்ணீரின் கனம். அதில் ஒரு பங்குதான் அந்தப் பள்ளத்தில் நிற்கும். ஆனால் இன்ஜின் புகை மேலே வராமல் அமுக்கிவைக்க அதுவே போதும். புகை வண்டிக்கு அடியில் போய்விடும். வண்டி நின்றால் அந்தக் காற்றுப் பூட்டு திறந்துகொள்ளும். சூடான புகை மேலெழுந்து பானெட்டின் பின்னிடுக்கில் வெளியேறும் இடமும், ப்ளோயர் உறிஞ்சும் இடமும் ஒரே இடம். அந்த இடுக்கை அடைக்கத்தான் பானெட்டின் பின்னோரத்தில் ரப்பர் பட்டை கொடுத்திருக்கிறார்கள். வேலை பார்த்த பிறகு அதைத் திரும்ப மாட்டாமல் விடும் பட்டறைகள் நிறைய. இன்ஜின் சீட்டுக்கு அடியில் உள்ள மீன் வண்டிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே நெடி கியர் லீவர் ரப்பர் வழியாக நேராகவே ஏறும்.

சோதனையைப் பாலத்தில் செய்யாதீர்கள். நெரிசல் ஒரு காரணம், காற்று இன்னொன்று. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ராமேசுவரம் பார்த்து நிற்கும் வண்டிக்கு முதுகில் காற்று. சைலன்சர் புகையே முன்னால் வந்து ஏமாற்றும். காற்று மறைவான சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, வெளிக்காற்றை அடைக்கும் பொத்தானைப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் நெடி குறைந்தால் பானெட்டுக்குள் இருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சைலன்சரில் நீலப் புகை தெரிந்தால் ஆயில் உள்ளேயே எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். தித்திப்பான வாசம் என்றால் கூலன்ட். காகிதம் கருகியது போல் என்றால் கிளட்ச்.

இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைப் பாருங்கள். பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். பிறகு டார்ச் அடித்து டேப்பட் கவரைச் சுற்றிப் பாருங்கள். தனுஷ்கோடிச் சாலையில் ஓடும் வண்டியில் கசிவு மேல் மணல் அப்பிக் கருஞ்சேறாக இருக்கும். ஆயில் கீழேதான் வழியும் என்பதால் ஈரத்தின் உச்சிதான் ஊற்று. புரியாவிட்டால், நன்றாக ஆறியபின் துடைத்து முகப்பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். ஆயில் மாற்றிய மறுநாளே நெடி வந்தால் ஃபில்டரைப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேலேயே புதியதை இறுக்கியிருப்பார்கள்.

பேக்கிங் மாற்றியும் மறுபடி கசிந்தால், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை லேசாகத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று ஊதினால் இன்ஜினின் உள்ளழுத்தத்தை வெளியே விடும் ப்ரீத்தர் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டனைத் தாண்டி எரிவாயு கீழே கசியலாம்; மெக்கானிக்குகள் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். உள்ளழுத்தம் குறையாமல் எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

நெடி வருகிறதென்று சென்ட் டப்பா தொங்கவிடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். மேனிஃபோல்டின் பேக்கிங்கான கேஸ்கெட்டும் போயிருந்தால் கார்பன் மோனாக்சைடும் அதே வழியில் உள்ளே வரும். அதற்கு வாசமே கிடையாது. குழந்தைகள் தூங்கும் காரில் எச்சரிக்க அந்த ஆயில் நெடி ஒன்றுதான் இருக்கிறது. அதையும் மல்லிகை சென்ட்டால் மூடலாமா?

பேக்கிங் மாற்றும்போது டேப்பட் கவர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், நடுவிலிருந்து ஓரத்துக்கு. வெறி கொண்டு இறுக்கினால் கவர் வளைந்து, அலுமினிய மரையும் போய்விடும். சிலிகான் பேஸ்ட்டைக் கம்பெனி சொன்ன மூலைகளில் மட்டும் வையுங்கள்; உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். மேனிஃபோல்டில் மிச்சமிருக்கும் ஆயில் எரிந்து தீர இரண்டு மூன்று நாள் ஓட்டம் பிடிக்கும். அதற்கு மேலும் நெடி வந்தால் மறுபடி பவுடரைத் தூவுங்கள்.